குடை பிடிக்க ஒரு ஆள்

அந்த ஷட்டர முழுசா இறக்கிராதீங்கம்மா. வெக்கை வருதுன்னு எல்லாரும் அதத்தான் செய்யுதாவ, அப்புறம் உள்ள கெடந்து வேகுதாவ. பாதிக்கு இறக்குங்க, போதும். இந்தாங்க, இந்தத் துண்டோட ஒரு முனையப் பிடிங்க. நல்லா நனைச்சுக் கொண்டாந்திருக்கேன். ஜன்னல் கம்பியில இப்பிடிக் கட்டிவிட்டா, வார அனல் காத்து ஈரத்துல நொழைஞ்சு சில்லுன்னு வரும். பாத்தியளா? எப்பிடி இருக்கு? காஞ்சா சொல்லுங்க, நானே போயி நனைச்சிட்டு வாறேன். எனக்கும் ஒரு இடத்துல உக்கார முடியல.

நீங்க மிலிட்டரிக்காரர் வீடுன்னு ஏறும்போதே நெனச்சேன். டிரங்குப் பெட்டியில பேரு எழுதியிருக்க அழகே சொல்லுது. ஜோத்பூர்லயா இருக்காவ? நானும் ஜோத்பூர்லதான் இறங்கணும். அங்க இருந்து இன்னும் அஞ்சு மணி நேரம் கார்ல போகணுமாம், மணல்மேட்டுக்கு. இந்த வண்டி நேரத்துக்குப் போயிருமா? முன்னூறு தடவ கேட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் அங்க குடையோட நிக்கணும்.

அய்யோ, கால வச்சிராதீங்க, குடை கெடக்கு. சீட்டுக்கு அடியில நீளம் பத்தல, அதான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. காலையில டிக்கெட் பாக்க வந்தவர் தடுக்கி விழப் பாத்தாரு. இந்தியில என்னமோ ஏசினாரு. எனக்குத் தெரியாத பாஷையில ஏசினா ஏசினதுல சேத்தி இல்ல, பேசாம இருந்துட்டேன். அது சாதாரணக் குடை இல்லம்மா. மேல வெள்ளித் துணி, உள்ள கறுப்பு. தூத்துக்குடியில மூணு கடை ஏறி இறங்கி வாங்கினேன். ரெண்டு பேரு தாராளமா நிக்கலாம். பிடி நீளமா இருக்கணும்னு சொன்னாவ. தலைக்கவசம் போட்டு வண்டி மேல உக்காந்திருக்கவளுக்குப் பிடிக்கணும்லா?

ஆமா, மவளுக்குத்தான். என் மவ பைக் ரேஸ் ஓட்டுதா. சிரிக்காதீங்க. ரோட்டுல இல்ல, மணல்ல. பேரு ராஜகனி. எங்க மாமியா பேரு அது. வீட்டுல ராஜின்னு கூப்பிடுவோம். இருவத்தஞ்சு முடியப் போவுது. அவிய அப்பாக்குச் சாத்தான்குளத்துல டூவீலர் ஒர்க்ஷாப். சுயம்பு ஒர்க்ஷாப்னா பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் கை காட்டுவாவ. இவ பேசப் பழகுறதுக்கு முன்ன ஸ்பானர் நம்பர் பழகினவ. எல்லாம் அவிய குடுத்த எடம். நான் என்ன செய்ய? நான் பார்லர் வச்சிருக்கேன். புஷ்பா பியூட்டி பார்லர். என் பேரு தங்கபுஷ்பம். கல்யாணப் பொண்ணு அலங்காரம்னா நாலு ஊர்ல இருந்து என்னத் தேடி வருவாவ. ஊர்ல இருக்க பொண்ணுவ மொகத்தயெல்லாம் பளபளன்னு ஆக்குதவ வீட்டுல, ஒரு பொண்ணு வெயில்ல கருகிக்கிட்டு கெடந்தா எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

எங்கூர்ப் பக்கம் தேரி பாத்திருக்கியளா? செக்கச் செவேர்னு மணலு. கடல் மாதிரி கெடக்கும். ராஜஸ்தான் ராஜஸ்தான்னு பெருமையாப் பேசுதாவ, எங்க தேரியில உச்சி வெயிலுக்கு ஒரு பத்தடி வெறுங்கால்ல நடந்து பாக்கச் சொல்லுங்க. போன வைகாசியில மெட்ராஸ்ல இருந்தும் கோயம்புத்தூர்ல இருந்தும் பைக் கிளப்புக்காரங்க வந்து, ஒருத்தரோட பட்டா நிலத்துல ரெண்டு நாளு ரேஸ் வச்சாவ. திருவிழா மாதிரி கூட்டம். டெண்டு, மைக்கு, ஐஸ் வண்டி. நானும் ஒரு ஸ்டால் போட்டேன். வெயிலுக்கு என்ன செய்யணும்னு தெரியாத கூட்டம்மா அது. கையில்லாத பனியனும் அரை டவுசரும் போட்டுட்டு வந்து, பதினோரு மணிக்கு வெந்த இறால் மாதிரி சிவந்துபோயி நிக்காவ. தோளத் தொட்டா அலறுதாவ.

நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். முழுக்கை வச்ச தொளதொள பருத்திச் சட்டை போடுங்க, பனியனக் கழத்தி எறியுங்கன்னு. கழுத்துல ஈரத்துணி சுத்திக்கிடுங்கன்னு. ஐஸ் தண்ணிய மடக் மடக்னு குடிக்கப்பிடாது, பழையசோத்துத் தண்ணியில உப்பப் போட்டு அப்பப்ப ரெண்டு மடக்கு குடிங்கன்னு. தகரக் கொட்டாய் போட்டிருந்தாவ, கூட்டம் பூரா அதுக்குள்ள. அடுப்புக்குள்ள உக்காந்திருக்க மாதிரி. "தகரத்து மேல தென்னங்கிடுகப் போட்டு தண்ணி தெளிங்கய்யா"ன்னு நான் சத்தம் போட்ட பொறவுதான் செஞ்சாவ. ஒருத்தன் வேர்வையே இல்லாம பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நின்னான். வேர்வை நின்னா ஆபத்துன்னு பிடிச்சு இழுத்துப் போட்டு, கக்கத்துலயும் கழுத்துலயும் ஐஸ வச்சு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதே நான்தான். மைக்குல என் பேரச் சொல்லி நன்றி சொன்னாவ. தங்கபுஷ்பம் மேடம்னு சொன்னாவ.

அதோட என் பூச்சு வேற. நானே அரைக்கிறது. சந்தனம், கஸ்தூரி மஞ்சள், கத்தாழ, தயிரு. மொகத்துல போட்டா ரெண்டு மணி நேரம் வெயில் கிட்ட வராது. அன்னைக்கு நாப்பது பேருக்குப் போட்டுவிட்டேன். ஒருத்தராவது குத்தம் சொன்னாவளா? கேட்டுப் பாருங்க. நாப்பது பேரும் இன்னும் ஒரு கிண்ணம் தாங்கன்னுதான் கேட்டாவ. அதனாலதான் சொல்லுதேன், அந்தப் பூச்சுல ஒரு தப்பும் கெடையாது. தப்பு வெயில்லதான். இல்லன்னா மணல்ல. அன்னைக்கு மேலக்காத்து வேற. தேரி மணல் காத்துக்கு எடம் மாறும். காலையில இருந்த மேடு மத்தியானம் இருக்காது.

என்ன நடந்துச்சா? ராஜி விழுந்துட்டா. அவ்வளவுதான்.

இருங்க, துண்டு காஞ்சிட்டு. நனைச்சிட்டு வாறேன்.

...குழாயில கூட வெந்நிதான் வருது. இந்த வண்டி ஏன் இங்கன நிக்கிது? சிக்னலா? சிக்னலா இருந்தா பத்து நிமிசத்துல எடுப்பானா?

எங்க விட்டேன்? ஆங். காலையில மொதச் சுத்துல ராஜி ரெண்டாவதா வந்தா. பதினெட்டு பேரு ஓட்டினதுல அவ ஒருத்திதான் பொண்ணு. மத்தியானம் ரெண்டாவது சுத்து. அதுல ஒவ்வொரு வண்டியா விடுவாவ, ரெண்டு நிமிசத்துக்கு ஒண்ணு. அது வரைக்கும் எல்லாரும் வரிசையில நிக்கணும். கெட்டிச் சட்டை, நெஞ்சுக்குக் கவசம், முழங்கால் வரைக்கும் பூட்ஸு, தலையில ஹெல்மெட்டு. ஓடும்போதாவது காத்து அடிக்கும். நிக்கும்போதுதான் உடம்பு வேகும். அதனால ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ஒரு ஆளு குடை பிடிச்சிட்டு நிப்பாவ. அது ஒரு வேலைம்மா. ஓட்டுறவ தலைக்கு மட்டும் பிடிச்சாப் போதாது. வண்டி டேங்கு, கை, தொடை எல்லாம் நிழல்ல இருக்கணும். சூரியன் நகர நகர குடையும் நகரணும். அன்னைக்கு எங்க அக்கா மவன் பிடிச்சான். நான் ஸ்டால்ல இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம ராஜியப் பொண்ணு பாக்க வாறதா இருந்தாவ. வள்ளியூர்க் குடும்பம். பையன் பெங்களூர்ல. நல்ல எடம். போட்டோ பாத்துட்டு பையனோட அம்மா எனக்குப் போன் பண்ணி, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மியோ?"ன்னு கேட்டாவ. என்னக் கேக்காவ! பார்லர் வச்சிருக்கவள! "போட்டோவுல அப்பிடித் தெரியுது, நேர்ல வந்து பாருங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்ன வாக்கக் காப்பாத்தணும்லா? அவ என்னடான்னா ரெண்டு நாளா தேரியில காயுதா. காலையில போயி, "ஏட்டி, கொஞ்சம் பூசிக்கோ"ன்னு கிண்ணத்த நீட்டினேன். "ம்மா, ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து வடியும்மா, வேண்டாம்"ன்னு சொன்னா. சரின்னு வந்துட்டேன்.

அப்புறம் மத்தியானம் பூசினேன். லேசா. நெத்தியில மட்டும். அவ வேண்டாம்னு சொல்லல. சொல்லலன்னா சம்மதம்தான?

அவ மூணாவது மேட்டுல ஏறும்போது ஒரு கைய எடுத்திருக்கா. மணல்ல ஒரு கையக்கூட விடவே கூடாதாம். முன்சக்கரம் புதைஞ்சு, வண்டி ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். ஸ்டால்ல இருந்து பாத்தேன். செவப்பு மணல் எந்திச்சு நிக்கிது, அவளக் காணும். ஓடினேன். எப்பிடி ஓடினேன்னு தெரியாது. செருப்பு மணல்ல புதைஞ்சு எங்கயோ போயிட்டு. அவிய அப்பா ஓடி வாறதுக்கு முன்ன, ஆம்புலன்ஸ் ஆளுங்க வாறதுக்கு முன்ன, நான் போயிட்டேன். கீழ கெடக்கா. ஹெல்மெட்டக் கழத்தினேன். கழத்தக் கூடாதாம், பொறவு சொன்னாவ. பெத்தவளுக்கு அதெல்லாம் தெரியுமா? மொகம் பூராவும் மணலும் பூச்சும். முந்தானைய எடுத்து நல்லா தொடச்சேன். ஒரு கீறல் இல்ல. ஒரு செவப்பு இல்ல. சாமி காப்பாத்திட்டுன்னு, "நல்லவேள, மொகத்துக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னேன்.

அதுக்குத்தான் அந்தப் பிள்ள எங்கிட்டப் பேசுறதில்ல. பத்து மாசமா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு. உப்பு வேணும்னா, "அப்பா, உப்பு கேளுங்க"ங்கா. நான் பக்கத்துலதான் இருப்பேன்.

இல்லம்மா, ஆஸ்பத்திரியில ஒரு தடவ பேசினா. இடது காறை எலும்பு ஒடிஞ்சிட்டு. கட்டுப் போட்டுப் படுத்திருக்கா. நான் கீழ உக்காந்து என் கால்ல மருந்து போட்டுக்கிட்டிருந்தேன். தேரியில ஓடினதுல உள்ளங்கால் பூரா கொப்புளம், பதினஞ்சு நாளு செருப்புப் போட முடியல. அவ கட்டில்ல இருந்து எட்டிப் பாத்துட்டுச் சொல்லுதா, "விழுந்து கெடக்கும்போது நான் உன் காலப் பாத்தேம்மா. நீ என் மொகத்தப் பாத்த"ன்னு. அவ்வளவுதான் பேசினது. இதுக்கு என்னம்மா அர்த்தம்? பெத்தவ மொகத்தத்தான பாப்பா? வேற எதப் பாக்கணும்?

வண்டி எடுத்துட்டான். அப்பாடா.

இந்த வெள்ளரிக்காயச் சாப்பிடுங்க. நெறைய இருக்கு. ஐஸ் பொட்டியில தண்ணியாப் போச்சு, நாக்பூர்ல ஒருதடவ ஐஸ் வாங்கிப் போட்டேன், அதும் கரைஞ்சிட்டு. பரவால்ல, அங்க போயி வாங்கிக்கிடலாம். பாருங்க, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்? இல்ல, பிள்ளைக்குப் போடுற சட்டை இல்ல. அவிய பழைய வேட்டியில நானே தச்சேன். உள்ளுக்குள்ள போடுறது. கக்கத்துக்கு ஒரு பை, கழுத்துக்குப் பொறத்தால ஒரு பை, நெஞ்சுல ரெண்டு. ஐஸப் பாலிதீன்ல கட்டி இந்தப் பைகள்ல வச்சு மாட்டிட்டா, வரிசையில முக்கா மணி நேரம் நின்னாலும் உடம்பு தாங்கும். பார்லர்ல நானே போட்டுப் பாத்தேன். மின்விசிறிய அமத்திட்டு, மத்தியானம், கதவச் சாத்திட்டு, அவ போட்டுக்கிடுற மாதிரி மேல ரெண்டு கம்பளியச் சுத்திக்கிட்டு. மொதத் தடவ ஐஸ் நேராப் பட்டு தோலு கன்னிப்போச்சு. அப்புறம்தான் நடுவுல ஒரு மடிப்பு துணி வச்சேன். ஏழு சட்டை தச்சுப் பாழாக்கினேன். இது எட்டாவது.

மொகத்துக்கா? மொகத்துக்கு ஒண்ணும் கொண்டு வரல. இந்தா ஒரு டியூப்பு இருக்கு, திருநெல்வேலியில தோல் டாக்டர் எழுதிக் குடுத்தது. தண்ணியில வடியாதாம். அவளே பூசுனாப் பூசட்டும், இல்லன்னா சவத்த விடட்டும். நான் தொட மாட்டேன். என் பூச்ச நான் இப்பக் கடையில விக்கிறதும் இல்ல.

அந்த வள்ளியூர்க் குடும்பமா? வந்தாவ. கட்டோடதான் பொண்ணு பாத்தாவ. பையனோட அம்மா எங்காதுல வந்து, "நிறம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னாவ. எனக்கு அப்பிடியே உச்சி குளுந்துபோச்சு. ரெண்டு நாள் கழிச்சுத் தரகர் வந்து, தோளு கோணலா இருக்குன்னு சொல்லி வேண்டாம்னுட்டாவன்னாரு. பாத்தியளா நியாயத்த! நிறத்துல குத்தம் சொல்ல முடியல, தோளப் பிடிச்சுக்கிட்டாவ.

சிரிக்காதீங்கம்மா. நீங்க சிரிக்கல? சரி. எனக்கு அப்பிடித் தோணிச்சு.

கேளுங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல. பூச்சு அவ தூங்கும்போதுதான் போட்டேன். மொதச் சுத்து முடிஞ்ச அசதியில டெண்டுல ஒரு பாய விரிச்சுப் படுத்திருந்தா. அவ தூங்கும்போது சின்னப் பிள்ளையில எப்பிடி இருப்பாளோ அப்பிடியே இருப்பா, வாயத் தொறந்துக்கிட்டு. மூக்குத் தண்டுல தோலு உரிஞ்சிருந்துச்சு. லேசாதான் போடணும்னு நெனச்சேன். நெத்தி, கன்னம், தாடை. கிண்ணத்துல பாதி போயிருக்கும். மேல ஈரத்துணியப் போட்டு மூடி வச்சிட்டு வந்துட்டேன். அவ எந்திக்கிறதுக்குள்ள காஞ்சிரும்னு நெனச்சேன். ஆனா திடீர்னு மைக்குல அவ நம்பரக் கூப்பிட்டுட்டாவ. தூக்கத்துல எந்திச்சு, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஓடிட்டா. கண்ணாடி இல்ல, தண்ணி இல்ல, நேரம் இல்ல.

புதினா உப்பு சொன்னேனா? சொல்லலியா. மெந்தால்னு சொல்லுவாவளே, குளிர்ச்சிக்கு அதயும் கொஞ்சம் போடுவேன். மொகத்துல பட்டா ஜில்லுன்னு இருக்கும், அதுக்குத்தான் நாப்பது பேரும் இன்னொரு கிண்ணம் கேட்டாவ. அவியெல்லாம் நிழல்ல உக்காந்திருந்தவிய. இவ வெயில்ல, ஹெல்மெட்டுக்குள்ள. கண்ணுக்குள்ள போனா புதினா உப்பு என்ன செய்யும்னு நீங்க நாட்டுமருந்துக் கடையில கேட்டுப் பாருங்க. நான் கேக்க வேண்டியதில்ல. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, கிண்ணத்துல மிச்சம் இருந்தத ஒரு விரல்ல எடுத்து என் கண்ணுல வச்சுப் பாத்தேன். அரை மணி நேரம் சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

இத ஒருத்தருக்கும் சொன்னதில்ல. நீங்க ஜோத்பூர்ல இறங்கி உங்க பாட்டுக்குப் போயிருவிய. அதான் சொல்லுதேன்.

அவ சொல்லலியான்னு கேக்கிய. அதான்மா. அவ சொல்லவே இல்ல. கிளப்புக்காரங்க கேட்டாவ, அவிய அப்பா கேட்டாவ. "கண்ணு மறைச்சிட்டு"ன்னு சொன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. மொகத்துல ஒண்ணும் மிச்சம் இல்லியே, நான்தான் தொடச்சிட்டேனே. கிளப்புல, ஓட்டுனவ தப்புன்னு எழுதிட்டாவ. பொட்டப்பிள்ளைக்கு மேடு கணக்குத் தெரியலன்னு பயலுவ சிரிச்சானுவளாம். அதக்கூட அவ பொறுத்துக்கிட்டா. அவிய அப்பாதான் பொறுக்கல. வண்டியில தப்பு இருக்கணும்னு அவிய முடிவு பண்ணிட்டாவ. முன்னால போர்க்குன்னு ஒண்ணு இருக்குல்லா, சக்கரத்தத் தாங்குமே, அத அவியதான் அன்னைக்கு மாட்டினது. "நான் போர்க்கச் சரியாப் பாக்கல, என் கையாலேயே என் பிள்ளயத் தள்ளிட்டேன்"னு சொல்லி, சாயங்காலம் ஆனா அதக் கழத்துதாவ, பாக்காவ, மாட்டுதாவ. மறுநாளும் கழத்துதாவ. பத்து மாசம். வேற வண்டி வேலை எடுக்கிறத பாதியாக் குறைச்சிட்டாவ. கஸ்டமருக்குப் பிரேக் மாட்டிக் குடுத்துட்டு, தெரு முக்கு வரைக்கும் பின்னாடியே ஓடிப் போயிப் பாக்காவ.

ஒருநாளு சாப்பிடும்போது ராஜிகிட்ட, "மக்கா, என்ன மன்னிச்சிரு"ன்னு சொன்னாவ. அவிய கையில சோறு. ராஜி அவியளப் பாக்கல. நிமிந்து என்னப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. நான் பால் பொங்கிருமேன்னு எந்திச்சு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அன்னைக்கு அடுப்புல பால் இருந்துச்சான்னு கேட்டா, எனக்கு ஞாபகம் இல்ல.

தண்ணி குடுங்க. உங்க பாட்டில்ல இருக்கதே போதும்.

இவ திரும்ப ஓட்ட மாட்டான்னு நெனச்சேன். தையில மறுபடி ஆரம்பிச்சிட்டா. இப்ப ராஜஸ்தான்ல பெரிய ரேஸாம், நாடு பூராவும் இருந்து வாறாவ. அப்பாவும் மவளும் வண்டிய லாரியில ஏத்திக்கிட்டு ஒரு வாரம் முன்னாடியே போயாச்சு. எங்கிட்ட, "நீ வரவேண்டாம்"னு அவிய சொல்லிட்டாவ. அது அவிய வார்த்த இல்லன்னு எனக்குத் தெரியாதா? குடை பிடிக்க அக்கா மவனத்தான் கூட்டிட்டுப் போனாவ. அவனுக்கு அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கிடாம வயித்தால போயி, ஆஸ்பத்திரியில படுத்திட்டான். முந்தாநாள் காலையில அவியகிட்ட இருந்து போன். அவிய போன்ல பேசுறது ஊருக்கே கேக்கும், எப்பவும் ஸ்பீக்கர்தான், கை பூரா கிரீஸா இருக்கும்லா. "ஏ புஷ்பம், குடை பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறியா?"ன்னாவ. "ராஜி கூப்பிடச் சொன்னாளா?"ன்னு கேட்டேன். பின்னால யாரோ சுத்தியல் வச்சு என்னத்தயோ தட்டுற சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் "வா"ன்னாவ. ஒரு மணி நேரத்துல கெளம்பிட்டேன். பார்லர்ல ரெண்டு முகூர்த்தம் இருந்துச்சு, வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்.

சுத்தியல் தட்டினது யாருன்னு நெனைக்கிய? எனக்கு அதே யோசனையாத்தான் இருக்கு.

கொஞ்சம் இங்கன நில்லுங்களேன். ஒரு நிமிசம். வண்டியில உக்காந்திருக்க மாதிரி கைய முன்னால நீட்டுங்க. குடைய விரிக்க முடியாது, மடக்கி வச்சே காட்டுதேன். எட்டு மணிக்குச் சூரியன் இங்கன இருக்கும்னு வச்சிக்கிடுங்க. நான் இந்தப் பக்கம் நிக்கணும், அப்பதான் நிழல் தோள்ல விழும். ஒம்பதுக்கு ரெண்டு எட்டு இப்பிடித் தள்ளி. சரியா இருக்கா? கை வலிச்சா மாத்தக் கூடாது. ரெண்டு மாசமா நான் வீட்டு மாடியில, துணி காயப்போடுற கம்பத்துக்குக் குடை பிடிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கூப்பிட மாட்டாவன்னு தெரிஞ்சும்.

ஆமா, அங்க எழுவது எம்பது பேரு நிப்பாவளாம். எல்லாரும் ஒண்ணுபோல சட்டை, கண்ணாடி, ஹெல்மெட்டு. மொகமே தெரியாது. எப்பிடிக் கண்டுபிடிப்பியன்னு நீங்க கேக்குறது சரிதான். நம்பர் இருக்கும், ஆனா தூரத்துல எனக்கு நம்பர் தெரியாது. எனக்கு அதெல்லாம் வேண்டாம்மா. நான் பின்னால இருந்து பாத்தே கண்டுபிடிச்சிருவேன். என் மவளுக்கு இடது தோளு ஒரு விரக்கடை இறங்கியிருக்கும்.

...

போன் அடிக்குது. பைக்குள்ள எங்க வச்சேன்? இருங்க. அவியதான். ஹலோ. ஹலோ, கேக்குதா? ஆமா, வண்டியிலதான் இருக்கேன். நேரத்துக்கு வந்திரும். என்ன சத்தம் அது? என்னத்தக் கழத்துறிய? மறுபடியுமா? நாளைக்கு ரேஸ வச்சுக்கிட்டு மறுபடியும் போர்க்கக் கழத்திப் போட்டிருக்கிய?

இல்ல. நீங்க கேளுங்க. போர்க்குல ஒண்ணும் இல்ல. நான் சொல்லுதேன், அன்னைக்கும் அதுல ஒண்ணும் இல்ல. எனக்கு எப்பிடித் தெரியுமா? எனக்குத் தெரியும். அவ தூங்கும்போது நான் மொகத்துல பூசினேன். நான்தான். புதினா உப்பு போட்டது. கண்ணுல வடிஞ்சிட்டு. விழுந்த எடத்துல நான்தான் தொடச்சேன். உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல. கேக்குதா? அத மாட்டி வைங்க. இனிமே கழத்தாதீங்க. ஹலோ?

...

ஹலோ? ஆங்... ஆமா... என்ன? எந்த... ஹலோ! ஹலோ!

கட்டாயிட்டு. டவர் இல்ல.

கேட்டியளா? உங்களுக்கும் கேட்டுதா? அது அவிய சத்தம் இல்லம்மா. ஸ்பீக்கர்ல போட்டிருக்காவ, பக்கத்துலயே நின்னிருக்கா. எல்லாம் கேட்டிருக்கா. ராஜிதான் பேசினா. "எந்த ஸ்டேஷன் வந்திருக்கம்மா?"ன்னு கேட்டா. பத்து மாசம் கழிச்சு அந்தப் பிள்ள கேக்குற கேள்வியப் பாருங்க! என்னடி பண்ணின, ஏன்டி பண்ணினன்னு ஒரு வார்த்த கேக்கலாம்லா. எந்த ஸ்டேஷன்ங்கா.

திரும்பக் கூப்பிடுவா. இப்பக் கூப்பிடுவா. நான் சொல்லணும்லா? ஏதோ ஸ்டேஷன் வருது பாருங்க, மஞ்ச போர்டு வருது. அந்தத் துண்ட அவுத்து விடுங்க, துண்டு மறைக்குது. சீக்கிரம், சீக்கிரம், வண்டி நிக்காமப் போவுது. இல்லம்மா, துண்டு இல்ல, எனக்குத்தான் கண்ணு மறைக்குது. நீங்க படிச்சுச் சொல்லுங்க, என்ன ஊரு அது?